யாரிடமும் சொல்லக் கூடாது என்கிறாரா? அவர் போலீஸே இல்லை!

"சார், உங்க ஆதார் நம்பர்ல ஒரு பார்சல் பிடிபட்டிருக்கு. உள்ளே போதைப்பொருள் இருக்கு." பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. சில நேரம் பார்சலுக்குப் பதில் சிம் கார்டு. டிராய் அமைப்பிலிருந்து பேசுவதாகச் சொல்லும் ஒரு பதிவுக் குரல், இன்னும் 2 மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9-ஐ அழுத்துங்கள் என்கிறது. அழுத்தினால் 'மும்பை போலீஸ்' லைனில் வந்துவிடும். பக்கத்துத் தெரு ஸ்டேஷன் என்றால் நேரில் போய்க் கேட்டுவிடலாம். மும்பைக்கோ டெல்லிக்கோ யார் போய் விசாரிப்பது? அந்தத் தூரம்தான் மோசடிக்காரர்களுக்கு வசதி.

அடுத்து வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு. காக்கிச் சட்டை, பின்னால் அரசு முத்திரை, மேசையில் கோப்புகள். "நீங்க இப்போ டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க. கேமராவை ஆஃப் பண்ணக் கூடாது. வீட்ல யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது, இது ரகசிய விசாரணை." மணிக்கணக்கில், சிலருக்கு நாள்கணக்கில், இந்தக் காவல் நீடிக்கிறது. கடைசியில் சேமிப்புப் பணம் முழுவதையும் 'சரிபார்ப்பு'க்காக ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள். குற்றமற்றவர் என்று தெரிந்ததும் திருப்பித் தந்துவிடுவார்களாம்.

விவரம் தெரியாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி.ஓஸ்வால் 2024 ஆகஸ்ட் இறுதியில் இதே வலையில் சிக்கி 7 கோடி ரூபாயை இழந்தார். அவருக்காக ஒரு போலி உச்ச நீதிமன்ற விசாரணையையே ஆன்லைனில் நடத்திக் காட்டினார்கள். தலைமை நீதிபதியாக ஒருவர் நடித்தார். புகார் கொடுத்த பிறகு சுமார் 5.25 கோடி மீட்கப்பட்டது. எத்தனையோ பேரைப் பார்த்த தொழிலதிபருக்கே இந்தக் கதி என்றால், பென்ஷன் பணத்தை வங்கியில் போட்டுவிட்டுத் தனியாக இருக்கும் ஒருவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

சட்டம் சொல்வது நேர் எதிர்

டிஜிட்டல் அரெஸ்ட் என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-வது பிரிவைப் பார்த்தால் போதும். கைது செய்யும் அதிகாரி ஒரு குறிப்பாணை தயாரிக்க வேண்டும். அதில் கைதாகிறவரின் குடும்பத்தினரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 48-வது பிரிவின்படி, கைதானவர் எங்கே இருக்கிறார் என்பதை உறவினருக்கோ நண்பருக்கோ உடனடியாகத் தெரிவித்தாக வேண்டும். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அதாவது, நிஜமான கைது என்றால் வீட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டும். போலிக் கைது என்றால் வீட்டுக்குத் தெரியவே கூடாது. இந்த மோசடியை அடையாளம் காண இதைவிட எளிய வழி கிடையாது. அழைப்பவரின் ஆங்கிலம், அடையாள அட்டை, அவர் சொல்லும் ஆதார் எண் எதையும் சோதித்துப் பார்க்கத் தேவையே இல்லை. ஆதார் எண்ணும் முகவரியும் கசிந்து வெகு காலமாகிறது. சரியாகச் சொல்லிவிட்டார் என்பதற்காக அவர் அதிகாரி ஆகிவிட மாட்டார்.

சிலர் மடக்கிக் கேள்வி கேட்டு மாட்டிவிடலாம் என்று பேச்சை வளர்ப்பதுண்டு. வேண்டாத வம்பு. நாள் முழுக்க இதையே தொழிலாகச் செய்பவரிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக இருக்கும். போனை வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரிடம் சொல்வதுதான் சரி. சந்தேகம் தீரவில்லை என்றால் உள்ளூர் காவல் நிலையத்துக்கே போய்க் கேட்கலாம். அவர்கள் கொடுத்த எண்ணிலோ, இணையத்தில் தேடிக் கிடைத்த ஏதோ ஒரு எண்ணிலோ கூப்பிட்டுச் சரிபார்க்கக் கூடாது. அங்கேயும் ஆள் வைத்திருப்பார்கள்.

பணம் போய்விட்டால்?

உடனே 1930. நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. போன பணம் முதல் கணக்கில் உட்கார்ந்திருக்காது. கமிஷனுக்காகத் தங்கள் கணக்கை வாடகைக்கு விட்டவர்களின் பெயர்களில் பத்தாகப் பிரிந்து நகர்ந்துகொண்டே இருக்கும். 1930-இல் புகார் பதிவானதும் அந்தத் தகவல் சம்பந்தப்பட்ட வங்கிக்குப் போகிறது. பணம் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அங்கே நிறுத்திவைக்கப்படும். எடுத்துவிட்டார்கள் என்றால் நிறுத்த எதுவும் இருக்காது. பரிவர்த்தனை எண், நேரம், அழைத்த எண் ஆகியவை கையில் இருக்கட்டும். வெட்கப்பட்டு சாட்டை அழித்துவிடுகிறவர்கள் உண்டு, அழிவது சாட்சியம். பணம் எதுவும் போகவில்லை, அழைப்பு மட்டும்தான் வந்தது என்றால் சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம்.

வாடிக்கையாளர்தான் விழிப்போடு இருக்க வேண்டும் என்று ஓயாமல் சொல்லும் வங்கிகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 70 வயதைக் கடந்த ஒருவர் அத்தனை வைப்புநிதியையும் ஒரே நாளில் உடைத்து, இதுவரை பணமே அனுப்பாத ஒரு கணக்குக்கு அனுப்புவது கவுன்டரில் இருப்பவர் கண்ணில் படாமல் போகாது. யாராவது கேட்டால் வீடு வாங்குகிறேன் என்று சொல்லும்படி மோசடிக்காரர்கள் முன்பே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 2024-இல் ஹைதராபாதில் ஒரு மருத்துவர் சொத்து வாங்கவே பணம் என்று சொன்னபோதும் வங்கி ஊழியர்கள் விடவில்லை. குடும்பத்தினரை அழைத்து வரச் சொன்னார்கள், கடைசியில் 1930-இல் பேசவைத்தார்கள். 13 லட்சம் ரூபாய் தப்பியது. அந்த ஊழியர்களின் நல்ல மனசு ஒவ்வொரு கிளையிலும் வாய்க்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. மூத்த குடிமக்களின் பெரிய தொகை முதல்முறையாக ஒரு புதிய கணக்குக்குப் போகும்போது ஒரு நாள் நிறுத்திவைத்து, அவர் குறிப்பிட்டிருக்கும் உறவினர் ஒருவருக்குத் தகவல் சொல்வதை ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.