மாறியும் தொடக்கப் பெறுமானமும்

தமிழிலே எழுவாய் தோன்றாது நிற்றல் குற்றமன்று. "வந்தான்" என்ற அளவிலே, வந்தவன் ஆண்மகன் ஒருவன் என்பதை விகுதி உணர்த்திவிடும். கணினிக்கு எழுதும் செய்நிரலிலோ சொல்லாது விட்டதை உணர்த்த விகுதியில்லை. ஆதலின், பெறுமானத்தைத் தாங்கும் பெயரிட்ட நினைவகவிடமாகிய மாறி ஒவ்வொன்றுக்கும் அதன் தொடக்கப் பெறுமானத்தை வெளிப்பட எழுதுதல் வேண்டும் என்பது எமது துணிபு. தமிழாசிரியர்க்கு இதில் யாது தொழில் என்பார்க்கு, ஐயமற எழுதக் கற்பித்தலே எம் தொழில் என்போம்.

1970களின் தொடக்கத்தில் டெனிஸ் றிச்சி என்பார் ஆக்கிய சி மொழியை நோக்குவோம். அம்மொழியிலே, சார்பொன்றினுள் அறிவிக்கப்படும் சாதாரண மாறிக்குப் பெறுமானம் வழங்காதுவிடின், அது தானே பூச்சியம் ஆகிவிடாது. அவ்விடத்தில் முன்னர் எஞ்சிக் கிடந்ததே அதன் பெறுமானமாகத் தோன்றக்கூடும். மாணவரின் புள்ளிகளைக் கூட்டும் செய்நிரலில் 'மொத்தம்' என்னும் மாறி இவ்வாறு விடப்பட்டதெனக் கொள்வோம். சோதித்துப் பார்க்கும் நாளில் ஆங்குப் பூச்சியம் தற்செயலாக இருப்பின் விடை சரியாகும். பிறிதொரு நாள், பிறிதொரு கணினியில், தவறியவன் தேறியவனாவான். பிழை அதுகாறும் மறைந்திருந்தமையே பெருந்தீங்கு.

"புதிய மொழிகள் இத்தீங்கைத் தடுக்கின்றனவே" எனச் சிலர் கூறலாம். மெய்யே. பெறுமானம் பெறாத உள்ளக மாறியைப் பயன்படுத்த யாவா இடங்கொடாது. 2009இல் வெளிவந்த கோ மொழி தானே பூச்சியத்தை இட்டுவிடும். ஆயினும் பூச்சியம் எவ்விடத்தும் பொருந்துவதன்று. கூட்டலுக்கு 0 தகும். பெருக்கலுக்கு 1 வேண்டும். வகுப்பின் மிகக் குறைந்த புள்ளியைத் தேடுவோன் 0 இலிருந்து தொடங்குவானாயின், யாவரும் 50க்கு மேற் பெற்றிருப்பினும் விடை 0 என்றே வரும். முதல் மாணவனின் புள்ளியிலிருந்து தொடங்குதலே முறை. இதனை அறிபவன் எழுதுவோனேயன்றிக் கணினியன்று.

அன்றியும், செய்நிரலைக் கணினி மட்டும் வாசிப்பதில்லை. பின்னர் அதனைத் திருத்த வருவோரும் வாசிப்பர். தொடக்கப் பெறுமானம் எழுதப்படாதவிடத்து, எழுதியவன் பூச்சியத்தைக் கருதினானா, மறந்தானா என அவர் மயங்குவர். சி மொழியின் 1999ஆம் ஆண்டு நியமம், மாறியை வேண்டுமிடத்திலேயே அறிவிக்க வழிசெய்தது. ஆதலின் பெறுமானம் தெரிந்தபின் மாறியை அறிவித்து, அவ்வரியிலேயே அதனை வழங்குதல் நன்று.

மாணவர்காள்! இப்பழக்கத்தை முதற் செய்நிரலிலேயே கைக்கொள்ளுமின். கணினித் துறையிற் பணிபுரியும் பழைய மாணவர்காள்! உங்கட்குப் பின் வரும் இளையோர்க்கும் இதனைப் பயிற்றுமின். எழுதும் உழைப்பு ஒரு வரியே. காக்கப்படுவதோ பிறர் நம்பும் விடை.