குருதிக்கொடையும் காலமும்

குருதி ஈதல் சிறந்த அறமென்பதை மறுப்பார் இலர். அவ்வறம் காலமறிந்து செய்யப்படுகின்றதா என்பதே யாம் ஈண்டு வினவுவது.

1914-ஆம் ஆண்டில் சிட்ரேட் என்னும் உப்பைக் கலப்பின் குருதி உறையாதென்பது புலனாயிற்று. 1916-இல் ரௌஸ், டர்னர் என்னும் அறிஞர் இருவர் அதனுடன் சர்க்கரையும் கூட்டிச் செவ்வணுக்களைப் பலநாள் காக்கும் வழி கண்டனர். அவ்வழியைப் போர்முனைக்குக் கொண்டுசென்றவர் ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்னும் மருத்துவர். 1917-இல் பிரான்சு நாட்டில், காயம்பட்டோர் வருமுன்னரே அவர் குருதியைப் பெற்றுக் கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பிப் பனிக்கட்டியிடையே வைத்திருந்தார். இதனிற் பெரியதோர் உண்மை உளது. குருதி பெருகிச் சோர்வானுக்குக் காத்திருக்கப் பொழுதில்லை. ஈந்த குருதியைச் சோதித்தற்கோ பொழுது வேண்டும். ஆகலின் அவனை உய்விப்பது அவனைக் கண்டு இரங்கி ஓடிவருவார் குருதியன்று. முன்னரே ஈந்தார் குருதியே.

எனினும், ஒருங்கே குவித்து வைத்தலும் பயனின்று. செவ்வணுக்கள் இக்காலத்துக் காப்புநீரிலும் 42 நாளே நிற்கும். மன்னாவைப் போல, வைத்திருப்பிற் கெடும் பொருள் இது.

ஆதலின், ஆண்டிற்கொருநாள் விழாவெடுத்து நூற்றுவர் ஈதலினும் திங்கள்தோறும் சிலர் ஈதல் நன்றென்பதே எம் துணிபு. விழாவே பலரை வருவிக்குமென்பார் உளர். முதன்முறை வருவார்க்கு அஃது உண்மையே. மறுமுறை வருதற்கு விழா வேண்டுவதில்லை. ஆடவர் 90 நாட்கொருமுறையும் மகளிர் 120 நாட்கொருமுறையும் ஈயலாமென்பது இந்நாட்டு விதி. வகுப்பிற்கொரு திங்களென நாம் பகுத்துக்கொள்ளின், நம் நகர மருத்துவமனையின் குளிர்ப்பேழை ஒருநாளும் வெறுமையுறாதிருக்க நம்மாலியன்றது செய்தோமாவோம். மாணவர் மன்றத்தார் இதனை ஆராய்வாராக.