சுகர் மாத்திரை, இளமை மாத்திரையா?

1/ "டாக்டர், எனக்கு சுகர் இல்ல. வயசாகாம இருக்க மெட்பார்மின் போடலாமா?" ஓபியில அடிக்கடி வர்ற கேள்வி. இன்னொரு பக்கம், சுகர் இருக்கறவங்க கிட்னி போயிடும்னு பயந்து அதே மாத்திரையை நிறுத்திடறாங்க. ரெண்டுமே தப்பு மக்களே!

2/ சாப்பாட்டைச் சக்தியா மாத்துறது செல்லுக்குள்ள இருக்கற மைட்டோகாண்ட்ரியா. வயசாக ஆக அதோட திறன் குறையும். தசை சர்க்கரையைச் சரியா எடுத்துக்காது. சுகர் வர இதுவும் ஒரு காரணம்.

3/ செல்லில் சக்தி குறைஞ்சா ஏஎம்பிகே என்ற என்சைம் வேலையை ஆரம்பிக்கும். சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்க வைக்கும். மெட்பார்மின் அதைத் தூண்டும். உடற்பயிற்சியும் தூண்டும், கூடவே புது மைட்டோகாண்ட்ரியாவையும் உருவாக்கும்.

4/ அப்போ ரெண்டும் சேர்ந்தா டபுள் லாபமா? இல்லை. 2019-ல் வந்த ஆய்வில், சுகர் இல்லாத, 60 வயதை ஒட்டியவர்கள் 12 வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். மெட்பார்மினும் எடுத்தவர்களுக்கு தசை மைட்டோகாண்ட்ரியாவில் அந்த முன்னேற்றமே வரவில்லை.

5/ சுகர் இல்லையா? மாத்திரை வேண்டாம், நடங்க. சுகர் இருக்கா? நீங்களா நிறுத்தாதீங்க. மெட்பார்மின் கிட்னியைக் கெடுக்காது. கெடுக்கறது கட்டுப்பாடில்லாத சுகர். கிட்னி ஏற்கெனவே பலவீனமா இருந்தாதான் டோஸைக் குறைப்போம், இல்லைன்னா நிறுத்துவோம். அதுக்கு கிரியாட்டினின் டெஸ்ட் போதும். ஜிஹெச்ல மாத்திரையும் இலவசம், டெஸ்ட்டும் இலவசம். நடை மட்டும் நீங்கதான் நடக்கணும்.