இரண்டாவது தொகுப்பி ஏன் தேவை? இந்திய இயங்குதளங்களும் லினக்ஸ் கெர்னலும்

கோலார் தங்கவயல்: சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைமட்டத்துக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965-ஆம் ஆண்டு வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயம் பதிவானது. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலாளர்கள் இணைந்து நடத்திய சோதனை அது. அதே ஆண்டு ஜோகன்னஸ்பர்க் அருகே மற்றொரு தங்கச் சுரங்கத்தில், ஃபிரெடரிக் ரெய்ன்ஸ் தலைமையிலான குழுவும் தனியே அதே முடிவை எட்டியது. ஒன்றையொன்று சாராத இரு கருவிகள் ஒரே விடை தந்ததால் அந்தக் கண்டுபிடிப்பு நிலைபெற்றது.

அடுத்த சோதனைக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1980-களின் தொடக்கத்தில் இதே தங்கவயலில், 140 டன் எடைகொண்ட கருவி புரோட்டான் சிதைவைக் குறிக்கக்கூடிய சில நிகழ்வுகளைப் பதிவு செய்ததாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் ஒஹையோ உப்புச் சுரங்கத்திலும் ஜப்பானின் கமியோகாவிலும் அமைக்கப்பட்ட கருவிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. உறுதிப்படாத அறிவிப்பாகவே அது நின்றுவிட்டது.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. மாரிக்குப்பத்தில் இருந்து விடியற்காலையில் புறப்படும் ரயில்களில் இப்போது பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் நிறைந்திருக்கின்றனர். சுரங்கத் தொழிலாளர்களாக வந்த தமிழ்க் குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறையினர் அவர்களில் கணிசமானோர். அந்த நகரின் மென்பொருள் துறை இன்று எதிர்கொள்ளும் ஒரு கேள்வி, தங்கவயல் சோதனைகள் எழுப்பிய கேள்வியேதான்: ஒரே கருவி சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?

நயாரா விவகாரம் காட்டியது

கேள்விக்கு அவசரம் சேர்ந்தது 2025 ஜூலையில். ரஷிய நிறுவனமான ரோஸ்நெஃப்ட் பங்கு வைத்துள்ள நயாரா எனர்ஜியின் வாடினார் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நயாராவுக்கான மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. நயாரா தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. அம்மாத இறுதிக்குள் சேவை மீண்டும் கிடைத்தது. இந்திய மண்ணில், இந்தியச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஒரு நிறுவனத்தின் அன்றாடப் பணியை வேறொரு கண்டத்தின் முடிவு சில நாள்கள் முடக்கியது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

திறந்த மூல மென்பொருளுக்கு மாறிவிட்டால் இத்தகைய ஆபத்து நீங்கிவிடும் என்ற வாதம் உடனே எழுந்தது. முழு உண்மை அல்ல என்றாலும் அதில் பெரும் உண்மை உண்டு. 2024 அக்டோபரில் லினக்ஸ் கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலில் இருந்து ரஷியாவுடன் தொடர்புடைய சுமார் பன்னிரண்டு பேரின் பெயர்கள் தடைச் சட்டங்களைக் காரணம் காட்டி நீக்கப்பட்டன. ஆயினும் நிரல் எவரிடம் இருந்தும் பறிக்கப்படவில்லை. பிரதி வைத்திருந்தவர்கள் அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

இந்தியாவிடம் சொந்த முயற்சிகள் இல்லாமல் இல்லை. சி-டாக் அமைப்பு சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் இருந்து இருக்கிறது. அது டெபியனை அடித்தளமாகக் கொண்டது. பாதுகாப்பு அமைச்சகம் 2023-இல் அறிமுகப்படுத்திய மாயா, உபுண்டுவில் இருந்து பிறந்தது. அதே ஆண்டு ஜனவரியில் சென்னை ஐஐடி வளாகத்தில் இருந்து வெளிவந்த பார்ஓஎஸ், ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தைச் சார்ந்தது. மூன்றுக்கும் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான்.

விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது ஒன்று உண்டு. கெர்னல் என்பது மூன்று கோடிக்கும் அதிகமான வரிகளில் மனிதர்கள் எழுதிய மூல நிரல். கணினியின் செயலி அதை அப்படியே படிக்காது. இயந்திரக் குறியீடாக அதை மாற்றித் தரும் கருவிக்குப் பெயர் தொகுப்பி. மூலத்தை வரிவரியாகத் தணிக்கை செய்தாலும், இறுதியில் கணினியில் ஓடுவது தொகுப்பி எழுதித் தந்ததே. பத்திரத்தை நன்றாகப் படித்துவிட்டு, நகல் எடுப்பவரைக் கேள்வி கேட்காமல் கையெழுத்திடுவதைப் போன்றது இது.

நகலெடுப்பவர் மாற்றி எழுதினால்?

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1984-இல் டூரிங் விருது உரையில் இந்த அச்சத்தை முன்வைத்தார். தொகுப்பிக்குள் ஒரு கள்ளத்தனத்தைப் புகுத்தி, அதன் மூல நிரலில் இருந்து அத்தடயத்தை முற்றிலும் அழித்துவிட முடியும் என அவர் விளக்கினார். சுத்தமான மூலத்தைக் கொடுத்தாலும் கறைபட்ட தொகுப்பி தன் அடுத்த பதிப்பையும் கறைபடுத்திவிடும்.

அது கோட்பாட்டளவில் மட்டும் நிற்கவில்லை. 2015 செப்டம்பரில், ஆப்பிளின் எக்ஸ்கோட் தொகுப்புக் கருவியின் திருத்தப்பட்ட பிரதி ஒன்று சீனாவில் பரவியிருந்தது தெரியவந்தது. அதைப் பதிவிறக்கிப் பயன்படுத்திய நிறுவனங்களின் செயலிகளில், அவர்களே அறியாமல் வேண்டாத நிரல் புகுந்திருந்தது. வீசாட் அவற்றில் ஒன்று. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்திலும் சதியின் முக்கியக் கண்ணி பொதுவில் தெரியும் மூலக் களஞ்சியத்தில் இல்லை. கட்டமைக்கும் நேரத்தில் ஓடும் கோப்பில் ஒளிந்திருந்தது. ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு துருவியிராவிட்டால் அது உலகெங்கும் பரவியிருக்கும்.

சதியே இல்லாமலும் தொகுப்பி ஆபத்தாகலாம். 2009-இல் கெர்னலின் ஒரு பிணைய இயக்கியில் நிரலாளர் பாதுகாப்புச் சோதனை ஒன்றை எழுதியிருந்தார். சுட்டி வெற்றாக இருந்தால் நிறுத்து என்பது அதன் பொருள். ஆனால் அந்த வரிக்கு முன்பே அதே சுட்டியை அவர் பயன்படுத்திவிட்டார். முன்பே பயன்படுத்திய சுட்டி வெற்றாக இருக்க முடியாது எனத் தர்க்கம் செய்த தொகுப்பி, சோதனை தேவையற்றது என அதை நீக்கிவிட்டது. மொழியின் விதிப்படி தொகுப்பி செய்தது சரி. விளைவு, கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் பிறர் கைப்பற்றக்கூடிய ஓட்டை. அவ்வகை நீக்கத்தைத் தடுக்கும் ஆணையுடன்தான் அதன் பின்னர் கெர்னல் தொகுக்கப்படுகிறது. 2014 ஜூலையில் ஜிசிசி 4.9-இன் பிழையால் கெர்னல் தவறாகத் தொகுக்கப்பட்டபோது, லைனஸ் டோர்வால்ட்ஸ் அச்சேற்ற இயலாத சொற்களில் அதைச் சாடினார்.

இருபது ஆண்டு ஒற்றைச் சார்பு

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜிசிசி இல்லாமல் 1991-இல் லினக்ஸ் பிறந்திருக்காது. அந்த நன்றிக்கடன் நாளடைவில் பிணைப்பாக இறுகியது. சி மொழியின் பொதுத் தரத்தில் இல்லாத, ஜிசிசி மட்டுமே அறிந்த பல வசதிகளைக் கெர்னல் நிரலாளர்கள் தாராளமாகக் கையாண்டனர். ஒரு வட்டாரத்தின் பேச்சுவழக்கில் எழுதிய நூலைப் போல அது ஆயிற்று. வெளியூர்க்காரர் படித்தால் பாதி புரியாது.

மாற்றுக்கான வித்து 2000-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஊன்றப்பட்டது. மும்பை ஐஐடியில் பயின்ற பேராசிரியர் விக்ரம் ஆட்வேயின் வழிகாட்டுதலில் கிறிஸ் லாட்னர் என்ற மாணவர் தொடங்கிய எல்எல்விஎம் திட்டம் அது. அதன்மேல் எழுந்த சி மொழித் தொகுப்பியான கிளாங்கை ஆப்பிள் 2007-இல் திறந்த மூலமாக்கியது. ஜிசிசியின் உரிமம் அதே ஆண்டு மேலும் கடுமையானதும், நிறுவனங்கள் தளர்வான உரிமம் கொண்ட கிளாங் பக்கம் சாய்ந்ததும் தற்செயல் அல்ல. ஃபிரீபிஎஸ்டி இயங்குதளம் 2014-இல் பதிப்பு 10-இல் கிளாங்குக்கு மாறியது. லினக்ஸுக்கு அது எளிதாக வாய்க்கவில்லை.

தடைகள் மூன்று வகைப்பட்டன. நீளம் முன்கூட்டித் தெரியாத அணிகளைக் கட்டமைப்புகளுக்குள் வைக்கும் ஜிசிசி வழக்கத்தைக் கிளாங் ஏற்க மறுத்தது. கெர்னல் நிரலாளர்கள் அவற்றைப் படிப்படியாக அகற்றினர். நீளம் மாறும் அணிகளே இல்லாத கெர்னலாக 2018 டிசம்பரில் பதிப்பு 4.20 வந்தது. அந்த அணிகள் பாதுகாப்புக்கும் கேடானவை என்பதால் இதில் ஜிசிசி பயனர்களுக்கும் ஆதாயம். இரண்டாவதாக, செயலிக்கான நேரடிக் கட்டளைகளில் இருந்து சி நிரலின் வேறோர் இடத்துக்குத் தாவும் வசதி. கெர்னல் அதைக் கைவிட மறுத்தது. கிளாங்தான் வளைந்துகொடுத்து 2019 செப்டம்பரில் பதிப்பு 9-இல் அதைச் சேர்த்தது. மேசைக் கணினிகளின் இன்டெல் வகைச் செயலிகளுக்கான கெர்னலை, ஒட்டுகள் ஏதுமின்றி கிளாங்கால் கட்டும் வழி அப்போதுதான் திறந்தது. மூன்றாவது வகை, எண்ணற்ற சிறு முரண்கள். ஜிசிசி கண்டும் காணாமல் விட்டவற்றைக் கிளாங் எச்சரித்தது. அவற்றில் கணிசமானவை உண்மையான பிழைகளாகவே இருந்தன.

அதற்குள் கைப்பேசி முந்திக்கொண்டது. கூகுள் 2017-இல் வெளியிட்ட பிக்சல் 2, கிளாங்கால் தொகுக்கப்பட்ட கெர்னலுடன் விற்பனைக்கு வந்தது. இன்று ஆண்ட்ராய்டின் பொதுக் கெர்னல் கிளாங்கால்தான் கட்டப்படுகிறது. அதாவது, இந்தியர்களின் சட்டைப்பையில் இருக்கும் கோடிக்கணக்கான கைப்பேசிகளில் 'மாற்று' எனப்பட்டதே இப்போது வழக்கம். ஒரே ஒரு குறிப்பைக் கட்டளையில் சேர்த்து முழுக் கெர்னலையும் எல்எல்விஎம் கருவிகளால் கட்டும் வசதி 2020-இல் பதிப்பு 5.7-இல் வந்தது. 2021-இல் வந்த 5.12-இல் கெர்னல் முழுவதையும் ஒன்றாகப் பார்த்துச் சீரமைக்கும் வசதியும், அடுத்த பதிப்பில் நிரலின் போக்கை எவரும் திசைதிருப்பாமல் காக்கும் அரணும் கிளாங் வழியாகவே சேர்ந்தன.

இந்தியா நிற்கும் இடம்

தாம்சன் எழுப்பிய அச்சத்துக்கு டேவிட் வீலர் 2005-இல் தந்த விடை, இரண்டாவது தொகுப்பி இருந்தால் மட்டுமே செல்லும். ஐயத்துக்குரிய தொகுப்பியின் மூலத்தை முதலில் வேறொரு தொகுப்பியால் தொகுக்க வேண்டும். கிடைத்ததைக் கொண்டு அதே மூலத்தை மீண்டும் தொகுக்க வேண்டும். அந்த விளைபொருளும், ஐயத்துக்குரிய தொகுப்பி தன்னையே தொகுத்துத் தந்ததும் கடைசி எண் வரை ஒத்திருந்தால் கறை இல்லை எனக் கொள்ளலாம். இரண்டு தொகுப்பிகளிலும் ஒரே சதி புகுந்திருந்தால் மட்டுமே இச்சோதனை தோற்கும். சாம்பியன் ரீஃபும் ஜோகன்னஸ்பர்க்கும் ஒரே நேரத்தில் ஒரே தவறைச் செய்யும் வாய்ப்பு எவ்வளவோ, அவ்வளவே.

இந்திய இயங்குதளங்களைப் பொறுத்தவரை நிலைமை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. டெபியனும் உபுண்டுவும் தங்கள் கெர்னல்களை ஜிசிசியால் கட்டுகின்றன. ஆண்ட்ராய்டு மூலம் கிளாங்கைச் சார்ந்தது. இரண்டு மரபுகளையும் கையில் வைத்திருக்கும் நாடு, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சோதிப்பதற்குப் பெரும் செலவும் தேவையில்லை. கருவிகள் இலவசம், கெர்னலைச் சாதாரண மடிக்கணினியிலேயே கட்டிவிடலாம். தேவைப்படுவது அதைத் தொடர்ந்து செய்யும் ஆட்கள். மும்பை ஐஐடியில் ஜிசிசி குறித்தும், ஹைதராபாத் ஐஐடியில் எல்எல்விஎம் குறித்தும் ஆய்வுக் குழுக்கள் நன்கு அறியப்பட்டவை. ஆனால் அரசின் தன்னிறைவு அறிவிப்புகளில் இயங்குதளத்தின் பெயரும் சின்னமும் பெறும் இடத்தில் நூற்றில் ஒரு பங்குகூடத் தொகுப்பி பெறுவதில்லை.

விதிவிலக்கு விண்வெளித் துறை. இஸ்ரோவும் சண்டிகரின் செமிகண்டக்டர் ஆய்வகமும் உருவாக்கிய விக்ரம் 3201 செயலி 2025 மார்ச்சில் ஒப்படைக்கப்பட்டபோது, அதற்கான ஏடா மொழித் தொகுப்பி உள்ளிட்ட கருவிகள் அனைத்தும் இஸ்ரோவிலேயே எழுதப்பட்டவை என்றும், சி மொழித் தொகுப்பி உருவாக்கத்தில் இருக்கிறது என்றும் தெரிவிக்கப்பட்டது. உடன் ஒப்படைக்கப்பட்ட கல்பனா 3201, மாறாகத் திறந்த மூலக் கருவிகளுடன் இயங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. முற்றிலும் சொந்தமாக எழுதுவது ராக்கெட்டுக்குப் பொருந்தும். மூன்று கோடி வரிக் கெர்னலுக்கு அந்த வழி கட்டுப்படியாகாது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் சார்ந்திருக்கும் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பை ஜிசிசி, எல்எல்விஎம் இரண்டுமே ஆதரிப்பது இந்தியாவுக்குக் கிடைத்துள்ள நல்வாய்ப்பு.

கிளாங் நடுநிலையான மாற்று என்று கொள்வதும் தவறாகும். அதன் வளர்ச்சிக்குப் பின்னால் இருப்பவை ஆப்பிள், கூகுள் போன்ற பெருநிறுவனங்கள். இப்போது தராசு மறுபக்கம் சாயத் தொடங்கியுள்ளது. 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில் இருந்து ரஸ்ட் மொழியிலும் கெர்னல் நிரல் எழுதப்படுகிறது. 2025 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய பராமரிப்பாளர்கள், ரஸ்ட் இனி பரிசோதனை முயற்சி அல்ல என முடிவெடுத்தனர். ரஸ்டின் அதிகாரபூர்வத் தொகுப்பி, எல்எல்விஎம் மீது நிற்பது. கெர்னலின் அந்தப் பகுதிக்கு ஜிசிசியால் இன்னும் ஈடுகொடுக்க இயலவில்லை. ஜிசிசிக்குள் ரஸ்ட் தொகுப்பியை எழுதும் பணி ஒரு சிறு குழுவின் உழைப்பில் நடந்துவருகிறது. 2010-களில் கிளாங் ஆர்வலர்கள் இருந்த இடத்தில் இப்போது அவர்கள் இருக்கிறார்கள்.