இளைத்தவனுக்கு இனாமாம்!

பெங்களூரில் ஜெரோதா என்றொரு பங்குத் தரகுக் கம்பெனி. அதன் தலைவர் நிதின் காமத் 2022 ஏப்ரலில், உலக சுகாதார தினத்தை ஒட்டி, ஓர் அறிவிப்புச் செய்தார். உடல் நிறை எண் 25-க்குக் கீழே உள்ள ஊழியர்களுக்கு அரை மாதச் சம்பளம் போனஸ்! கம்பெனியின் சராசரி 25.3; அதை ஆகஸ்டுக்குள் 24-க்குக் கீழே இறக்கினால் எல்லோருக்கும் இன்னொரு அரை மாதம்! செப்டம்பரில் அடுத்த திட்டம் வந்தது. தினசரி உடற்பயிற்சி இலக்கில் 90 சதவீதத்தை ஓராண்டுக்கு எட்டினால் ஒரு மாதச் சம்பளம். குலுக்கலில் ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய்.

நாற்காலியில் உட்கார்ந்தே உடம்பு கெட்டவர்கள் எழுந்து நடக்கட்டும் என்பதில் நமக்குச் சண்டை எதுவுமில்லை. இந்த எண் சிறந்த அளவுகோல் அல்ல, தொடங்குவதற்கு எளியது என்று அவரே ஒப்புக்கொண்டுதான் அறிவித்தார். ஆனால் இது நல்ல வழி, எல்லா முதலாளிகளும் பின்பற்றலாம் என்று பேசுகிறவர்கள் கிளம்பியிருக்கிறார்களே, அவர்களிடம் நமக்குக் கேள்விகள் உண்டு.

அது என்ன எண்? கிலோவில் எடையை எடுத்து, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் கெட்லே 19-ஆம் நூற்றாண்டில் கூட்டங்கூட்டமான மனிதர்களின் சராசரியைப் பார்க்க வகுத்த கணக்கு இது. இந்தக் கணக்கைத் திருச்சிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் தோழர் ஒருவர் 165 சென்டிமீட்டர் உயரம், 70 கிலோ எடை என்று வையுங்கள். அவர் எண் 25.7. போனஸ் கிடையாது! தோளிலும் தொடையிலும் திரண்டிருப்பது உழைத்து ஏறிய சதையா, தின்று ஏறிய கொழுப்பா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. ஜீயபுரத்து வாழைத் தோட்டத்தில் தார் சுமக்கும் கூலித் தொழிலாளி அதே உயரம், 45 கிலோ. அவர் எண் 16.5. அவருக்குப் பரிசு! நாற்று நடும் பெண் 150 சென்டிமீட்டர், 38 கிலோ. அவருக்கும் பரிசு! பட்டினி கிடப்பவர்தான் முதல் வரிசையில் நிற்பார்.

நாம் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். சுமார் 13 பேர் இருக்க வேண்டிய எடைகூட இல்லாதவர்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், இரண்டும் இருக்கின்றன. ஏன்? ரேஷனில் அரிசி இலவசம். பருப்போ கார்டுக்கு மாதம் ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர். முட்டையும் கீரையும் பழமும் கடைவிலைக்குத்தான். மலிவாகக் கிடைப்பதைக் கொண்டு வயிற்றை நிரப்புகிறவனுக்கு ஒரு பக்கம் தொப்பை, மறுபக்கம் சோகை. இதில் அவன் மனஉறுதி எங்கே குறைந்தது?

பணம் காட்டினால் எடை இறங்குமா? கொஞ்ச நாள் இறங்கும். அமெரிக்காவில் 57 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனை 2008-ல் வெளியாயிற்று. பணம் வைத்துப் போட்டியிட்டவர்கள் 16 வாரத்தில் சுமார் ஆறு கிலோ குறைத்தார்கள். பணமில்லாதவர்கள் இரண்டு கிலோகூட இல்லை. ஏழாவது மாதம் பார்த்தால், இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2019-ல் வெளியான இன்னொரு ஆய்வு பெரியது. அங்கே ஒரு வியாபார நிறுவனத்தின் 160 கிளைகள், சுமார் 33,000 தொழிலாளர்கள். சில கிளைகளில் மட்டும் ஆரோக்கியத் திட்டம் நடந்தது. 18 மாதம் கழித்து எடையிலோ இரத்த அழுத்தத்திலோ லீவிலோ மாற்றம் காணோம்.

இன்று இனாம் என்று வருவது நாளை பிடித்தம் என்று வரும். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். பள்ளி ஆசிரியர்கள் ஒரு கைபேசிச் செயலியில் சேர்ந்து நடை, அசைவுகளைக் கணக்குக் காட்ட வேண்டும், தவறினால் இன்ஷூரன்சுக்கு மாதம் 25 டாலர் கூடுதல் என்று திட்டம் போட்டார்கள். ஆசிரியர்கள் கொதித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 2018 பிப்ரவரியில் 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடின. 5 சதவீதச் சம்பள உயர்வை வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்குத் திரும்பினார்கள். இங்கேயும் சில தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடந்த அடிகளை எண்ணிப் பிரீமியத்தில் தள்ளுபடி தருகின்றன. எண்ணத் தொடங்கியவன் எதுவரை எண்ணுவான்?

நடக்க நேரம் எங்கே என்பது அடுத்த கேள்வி. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21-ல் நம் சட்டமன்றத்தில்தான் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கிளர்ந்தெழுந்த பிறகே மே 1-ல் அது திரும்பப் பெறப்பட்டது. 12 மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவனைக் காவிரிக் கரையில் காற்று வாங்க நடக்கச் சொல்வார்களா?

பணம் கொடுப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. காசநோயாளிக்குச் சத்துணவுக்கென்று 2018-லிருந்து மாதம் 500, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் தருகிறது மத்திய சர்க்கார். தொகை போதாது, ஆனால் நோக்கம் சரி. அங்கே எடை ஏறப் பணம்! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் கர்ப்பிணிகளுக்குத் தரும் உதவியும் அப்படியே. இவை ஏழைக்கு இல்லாததை ஓரளவு ஈடுகட்டுகின்றன. யாரோடும் யாரையும் ஓடவிட்டுப் பரிசு வைக்கவில்லை.

ஆகவே போனஸ் தர மனம் உள்ளவர்களுக்குச் சொல்கிறோம். எடை மெஷினை ஓரமாக வையுங்கள். எட்டு மணி நேரத்தோடு வேலையை நிறுத்துங்கள். மில் கேன்டீனில் பருப்பும் காயும் முட்டையும் போடுங்கள். ஈ.எஸ்.ஐ.யில் நோயுற்ற தொழிலாளிக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கிறது. 2017-ல் வைத்த 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டியவர் வெளியே நிற்கிறார், வயலில் உழைப்பவர் உள்ளேயே வந்ததில்லை. அவர்களையும் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்களே பெண்கள், அவர்களைத் 'தன்னார்வலர்' என்கிறது சர்க்கார். கையில் கொடுப்பதற்குப் பெயரும் ஊக்கத்தொகைதான். அவர்களுக்கு முதலில் சம்பளம் கொடுக்கட்டும்.