எந்தக் கணக்கில் இந்த ஐந்து ஆண்டு?

உக்ரேனியருக்கான தற்காலிகப் பாதுகாப்பை 2027 மார்ச் 4 வரை நீட்டுவதென ஐரோப்பிய ஒன்றியக் கவுன்சில் 2025 ஜூலை 15 அன்று முடிவெடுத்தது. இரண்டு மாதம் கழித்து, செப்டெம்பர் 16 அன்று, அதே பாதுகாப்பிலிருந்து மக்களை எப்படி வெளியே கொண்டுவருவது என்ற பரிந்துரையையும் அதே கவுன்சில் ஏற்றது. ஒக்டோபர் 8 அன்று சுவிஸ் கூட்டாட்சி அரசும் உக்ரேனியருக்குத் தான் தரும் எஸ் பாதுகாப்புத் தகுதிக்கு அதே திகதியைக் குறித்தது. ஒன்றியத்துக்குள் மட்டும் ஏறக்குறைய 43 இலட்சம் பேருக்கு இப்போது ஒரே முடிவுத் திகதி. இவ்விதழின் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீட்டியது சரி. முடிவெடுத்த நாளில் போர் நின்றிருக்கவில்லை. கார்கிவுக்கோ சப்போரிஜியாவுக்கோ ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பலாம் என்று எந்த நாட்டின் தஞ்ச அலுவலகமும் எழுதியிருக்க முடியாது. தற்காலிகப் பாதுகாப்புக்கான 2001/55 நெறியாணையின் 4ஆம் உறுப்புரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் இடம் தருகிறதா என்ற பழைய வாதத்தைக் கிளறவும் விருப்பமில்லை. ‘ஓராண்டு வரை நீட்டலாம்’ என்ற சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று கவுன்சில் வாசித்தது. வாசிப்பு சற்று இழுபட்டதுதான், ஆனால் மாற்று வாசிப்பால் தெருவில் நிற்கப்போவது நம் கட்சிக்காரர்கள் என்பதால் அதை எதிர்க்க நம்மில் யாரும் முன்வரமாட்டோம். சுவிஸ் முடிவு வொலின், ரிவ்னே, லிவீவ், டெர்னோபில், சகர்பாத்தியா, இவானோ-பிராங்கிவ்ஸ்க், செர்னிவ்ட்சி ஆகிய ஏழு மாகாணங்களைத் திரும்பிப் போகக்கூடிய இடங்களாகப் பிரித்து, நவம்பர் 1 முதல் புதிய விண்ணப்பங்களை அதன்படி அளக்கத் தொடங்கியது. அதற்குத் தனியே ஓர் இதழ் வேண்டும்.

நம் கவலை திகதியில் இருக்கிறது. 2001/55 நெறியாணை முதன்முதலாக உயிர்பெற்றது 2022 மார்ச் 4 அன்று. அதிலிருந்து 2027 மார்ச் 4 வரை எண்ணினால் சரியாக ஐந்து ஆண்டு. நெடுங்கால வதிவிட உரிமைக்கான 2003/109 நெறியாணை 4ஆம் உறுப்புரையில் கேட்பதும், விண்ணப்பத்துக்கு உடனடி முன்பான, சட்டபூர்வமான, இடைவிடாத ஐந்து ஆண்டு வசிப்பைத்தான். யாரோ வேண்டுமென்றே பொருத்திய திகதி என்று சொல்லவரவில்லை. பிரசெல்ஸில் அவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிடுபவர்கள் இருந்தால் மற்ற விடயங்களிலும் அது தெரிந்திருக்கும். விளைவு மட்டும் திட்டமிட்டது போலவே இருக்கிறது. அதே 2003/109இன் 3(2)பி, தற்காலிகப் பாதுகாப்பின் அடிப்படையில் வசிக்க அனுமதிக்கப்பட்டவரை நெறியாணையின் எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது. 2022 வசந்தத்தில் போலந்து எல்லையைக் கடந்த ஒரு பெண் 2027 மார்ச் 3 அன்று விண்ணப்பித்தால், கையில் தற்காலிகப் பாதுகாப்பு அட்டை இருக்கிறது, ஆகவே நெறியாணை உங்களுக்கு இல்லை என்பார்கள். மார்ச் 5 அன்று போனால், கையில் அட்டையே இல்லை, சட்டபூர்வ வசிப்பு நேற்றோடு முடிந்தது என்பார்கள். அட்டை இருந்தாலும் தகுதி இல்லை, அட்டை போனாலும் தகுதி இல்லை. இடையில் வேறொரு வதிவிட அனுமதிக்கு மாறிக்கொள்ள முடிந்தவருக்கு மட்டுமே கேள்வியே எழும்: மாறுவதற்கு முன் கழிந்த ஆண்டுகள் எண்ணப்படுமா?

இந்தக் கேள்விக்கு இல்லை என்ற பதில் சட்டத்தில் எழுதியிருப்பதாகப் பல குடிவரவு அலுவலகங்கள் நடந்துகொள்கின்றன. எழுதியிருக்கவில்லை. ஐந்து ஆண்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாத காலங்கள் எவை என்று 4(2) பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: 3(2)இன் இ, எஃப் பந்திகளில் வருவோரின் காலம், அதாவது பருவகாலத் தொழிலாளர், ஓ பெயார் போன்ற முற்றிலும் தற்காலிகக் காரணங்களுக்காக வந்தவர், தூதரகப் பணியாளர். பி பந்தி அந்த வரிசையில் இல்லை. சட்டம் வரைந்தவர்கள் இரண்டு பந்திகளைத் தெரிந்தெடுத்து எழுதி மற்றவற்றை விட்டிருக்கும்போது, விட்டதையும் சேர்த்துப் படிப்பது அலுவலரின் வேலை அல்ல. பி பந்தி நிகழ்காலத்தில் பேசுகிறது. இப்போது அந்த அட்டையில் வசிப்பவரை விலக்குகிறது, முன்பு வசித்தவரை அல்ல. லக்சம்பர்க் நீதிமன்றம் 2012 ஒக்டோபர் 18 அன்று சிங் வழக்கில், நெதர்லாந்தில் ஆன்மிக போதகருக்கான மட்டுப்படுத்தப்பட்ட அனுமதியில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர் பற்றிக் கூறியதையும் இங்கே வைக்கலாம். அனுமதிப் பத்திரத்தில் வரம்பு என்று எழுதியிருப்பதாலேயே வெளியே தள்ளிவிட முடியாது, அந்த வரம்பு உண்மையில் ஆள் நெடுங்காலம் தங்குவதைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. அது இ பந்தி பற்றிய தீர்ப்பு, பி பற்றியதல்ல என்பதை எதிர்த்தரப்பு உடனே சுட்டிக்காட்டும், சுட்டிக்காட்டட்டும். பெயரைப் பார்க்காமல் வாழ்ந்த வாழ்க்கையைப் பார் என்ற நியாயம் பந்திக்குப் பந்தி மாறுவது ஏன் என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

இதே நெறியாணை தஞ்சம் கேட்டுக் காத்திருந்தவரை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். 2011/51 திருத்தத்துக்குப் பின், சர்வதேசப் பாதுகாப்பு கிடைத்தவருக்கு விண்ணப்பித்த நாள் முதல் வதிவிட அனுமதி வழங்கப்பட்ட நாள் வரையான காத்திருப்பில் குறைந்தது பாதி கணக்கில் சேரும். 18 மாதத்தைத் தாண்டினால் முழுவதும் சேரும். அதாவது அரசு தாமதித்தால் தாமதத்தின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற நேர்மை சட்டத்துக்குள் இருக்கிறது. வேலை செய்ய உரிமை இல்லாமல் வரவேற்பு மையத்தில் உட்கார்ந்திருந்த காலம் எண்ணப்படும். முதல் மாதத்திலிருந்தே வேலை செய்து, வரி கட்டி, பிள்ளையை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்த காலம் எண்ணப்படாது என்றால், அந்த வேறுபாட்டுக்கு என்ன பெயர் வைப்பது? ஜேர்மனியில் தற்காலிகப் பாதுகாப்புக்கான 24ஆம் பிரிவு அட்டையை வைத்துக்கொண்டு குடியுரிமைக்குப் போனால் குடியுரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு கதவை மூடுகிறது. செக் அரசு சிறப்பு நெடுங்கால வதிவிடம் என்று ஒன்றைத் திறந்தது, நுழைய ஆண்டுக்கு 4,40,000 கொருனா வருமானம் காட்ட வேண்டும். போலந்து மூன்றாண்டு அட்டை தருகிறது, 365 நாள் இடைவிடாத பதிவு கேட்கிறது. தற்காலிகப் பாதுகாப்பில் இருப்போரில் ஏறக்குறைய முக்கால் பங்கு வயதுவந்த பெண்களும் சிறுவர்களும். கைக்குழந்தையோடு பகுதிநேர வேலை செய்யும் தாய், மருமகளோடு வந்த மூதாட்டி, இவர்களால் கொருனாக் கணக்கைக் காட்ட முடியாது. வாழ்ந்த ஆண்டுகள் எண்ணப்பட்டிருந்தால் அவர்களிடமும் காட்ட ஒன்று இருந்திருக்கும். வருமானத்தை எண்ணத் தெரிந்த அமைச்சுகளுக்கு ஆண்டுகளை எண்ணத் தெரியாமல் போனது தற்செயல் என்று ஏற்க நமக்கு மனம் வரவில்லை. இந்தப் பக்கத்தில் இதைப் பலமுறை எழுதிவிட்டோம், வாசகர் சலித்திருப்பர். சலிப்பு தட்டும்வரை ஒரு பிழை திருத்தப்படாமல் இருப்பது எழுதுபவரின் குற்றமல்ல.

ஆண்டுகளை எண்ணத் தொடங்கினால் அடுத்த போரில் எந்த அரசும் தற்காலிகப் பாதுகாப்பு நெறியாணையைத் தொடாது என்பது நாம் அடிக்கடி கேட்கும் மறுப்பு. வரலாறு இதற்கு நேர்மாறாக நிற்கிறது. பொஸ்னியா, கொசோவோ அனுபவத்தின் பின் 2001 ஜூலையில் எழுதப்பட்ட இந்த ஆணை, ஆண்டுகளை எண்ணும் எந்தக் கடப்பாடும் இல்லாமலே இருபது ஆண்டுக்கு மேல் அலுமாரியில் கிடந்தது. 2011இல் வட ஆபிரிக்காவிலிருந்து படகுகள் வந்தபோது இத்தாலியும் மோல்டாவும் கேட்டும் திறக்கப்படவில்லை. 2015இல் சிரியர்கள் வந்தபோதும் இல்லை. எண்ணாதிருந்தது அரசுகளைத் தாராளமாக்கவில்லை. 2022இல் திறந்ததற்குக் காரணம் எல்லை அருகில் இருந்ததும், உக்ரேனியருக்கு ஏற்கெனவே விசா விலக்கு இருந்ததும், அரசியல் விருப்பமும். வேண்டுமானால் தஞ்சம் கேட்கலாமே, 17ஆம் உறுப்புரை எப்போதும் திறந்திருக்கிறதே என்பது இன்னொரு மறுப்பு. எழுத்தில் திறந்திருக்கிறது. ஆனால் 19ஆம் உறுப்புரையின்படி இரண்டு தகுதியையும் ஒருசேர வைத்திருக்க அரசு அனுமதிக்க மறுக்கலாம். தஞ்சம் கேட்பவர் வேலை உரிமையையும் தங்குமிடத்தையும் பணயம் வைத்துக் கேட்க வேண்டும். கட்சிக்காரருக்கு அந்த அறிவுரையைத் தயங்காமல் சொல்லக்கூடிய சட்டத்தரணி நம்மில் எத்தனை பேர்?

கனமான மறுப்பு ஒன்று உண்டு: கீவ் தன் மக்களைத் திரும்பக் கேட்கிறது, வேரூன்றச் செய்யும் சட்டம் அந்த நாட்டை வெறுமையாக்கும். இதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. ஆனால் வதிவிடம் உறுதியாக இருப்பவரால்தான் ஊருக்குப் போய்ப் பார்க்க முடியும் என்பதை நம் துறையில் இருப்போருக்கு விளக்க வேண்டியதில்லை. நெடுங்கால வதிவிட உரிமை பெற்றவர் ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து 12 மாதம் வரை இருக்கலாம், உறுப்பு நாடு விரும்பினால் அதற்கு மேலும். வீடு நிற்கிறதா, கூரை இருக்கிறதா, பள்ளி நடக்கிறதா என்று ஒரு குளிர்காலம் இருந்து பார்க்க அந்த இடைவெளி போதும். தற்காலிக அட்டைக்காரர் போனால் திரும்பும்போது அட்டை செல்லுமா என்ற பயத்தோடு போகிறார், அல்லது போகவே இல்லை. கதவு சாத்திக்கொள்ளும் என்று தெரிந்தவர் வாசலைத் தாண்டமாட்டார். கவுன்சிலின் பரிந்துரை ‘போய்ப் பார்த்து வரும்’ பயணங்களை ஊக்குவிக்கிறது, ஒற்றுமை மையங்கள் என்று தகவல் நிலையங்களையும் முன்மொழிகிறது. நல்லது. ஆனால் அது பரிந்துரை, எவரையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தும் சட்டத்தில், தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ நீளும் அல்லது ஐந்து ஆண்டில் மொத்தம் பத்து மாதத்துக்கு மேற்பட்ட இன்மை வசிப்பை முறிக்கும். ஒரு கையால் பயணச்சீட்டு கொடுத்து மறுகையால் நாட்களைக் கழிக்கும் ஏற்பாடு இது.

எண்ணுவது ஆகாத காரியமும் அல்ல. ஒன்றியத்துக்கு வெளியே நிற்கும் சுவிஸ், தஞ்சச் சட்டத்தின் 74ஆம் உறுப்புரையில், பாதுகாப்பு ஐந்து ஆண்டுக்குப் பின்னும் நீக்கப்படாவிட்டால் மாநிலம் வதிவிட அனுமதி தர வேண்டும், பத்து ஆண்டுக்குப் பின் நிரந்தர வதிவிடம் தரலாம் என்று எழுதிவைத்தது. அந்த அனுமதியும் பாதுகாப்பு நீக்கப்படும்வரைதான் செல்லும் என்ற வால் இருக்கிறது. எஸ் தகுதி தொடங்கியது 2022 மார்ச் 12 என்பதால், புதிய திகதி ஐந்தாண்டு எல்லைக்கு எட்டு நாள் முன்னதாக வந்து நிற்கிறது என்பதையும் வாசகர் கவனித்திருப்பர். ஆனாலும் காலம் ஓடுகிறது என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளாத சட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாட்டு முகாம்களைவிட நீண்ட உதாரணம் தேட வேண்டியதில்லை. 1983 முதல் அங்கே தஞ்சமடைந்த இலங்கைத் தமிழருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் 2025 செப்டெம்பரில் இந்திய அரசு ஒரு விலக்கு ஆணை தந்தது: 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிந்தவர்கள் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள். நாற்பது ஆண்டு வசித்ததற்குக் கிடைத்தது தண்டனை விலக்கு, வதிவிடம் அல்ல. குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் சட்டவிரோதக் குடியேறிகளே, 2019 திருத்தமும் அவர்களைச் சேர்க்கவில்லை. நீட்டிக்கொண்டே போவதும் எண்ணாமல் விடுவதும் சேர்ந்தால் இப்படித்தான் முடியும். டெல்லி இதை நாற்பது ஆண்டில் செய்தது. பிரசெல்ஸ் ஐந்தாவது ஆண்டிலேயே அதே பாதையில் கால்வைக்கிறது.

ஆகவே இந்த இதழை வாசிக்கும் சட்டத்தரணிகளுக்கும், ஆலோசகர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அட்டை முடிந்த பின் வேறு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று எந்தக் கட்சிக்காரரையும் காத்திருக்க விடாதீர்கள். அட்டை உயிரோடு இருக்கும்போதே மாற்ற விண்ணப்பம் பதிவாக வேண்டும், ஒரு நாள் இடைவெளிகூட ‘இடைவிடாத’ என்ற சொல்லைக் கேள்விக்குள்ளாக்கும். 2022 முதல் ஒவ்வோர் ஆண்டுக்கும் வரிச் சான்று, காப்புறுதிப் பதிவு, வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சான்று ஆகியவற்றைக் கோவையில் சேர்த்துவிடுங்கள். ஊருக்குப் போய்வந்த நாட்களைக் கடவுச்சீட்டு முத்திரையோடு தனித்தாளில் கூட்டி, பத்து மாதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். நெடுங்கால வதிவிட விண்ணப்பம் நிராகரிக்கப்படும் முதல் வழக்கிலேயே, 4(2)இல் பி பந்தி இல்லை என்ற வாதத்தை எழுத்தில் வைத்து, ஒன்றிய ஒப்பந்தத்தின் 267ஆம் உறுப்புரையின் கீழ் கேள்வியை லக்சம்பர்க்குக்கு அனுப்பும்படி கேளுங்கள். கேள்வியை ஒரே வாக்கியத்தில் கேட்டால் போதும்: தற்காலிகப் பாதுகாப்பில் சட்டபூர்வமாக வசித்து, பின்னர் வேறு அனுமதிக்கு மாறியவருக்கு, முன்பு வசித்த காலம் 4(1)இன் ஐந்து ஆண்டில் சேருமா?