டின் இறைச்சி எதற்கு, பழவேற்காட்டுக் கருவாடு இருக்க?

கிம்ச்சி என்னும் புளித்த காய்கறி போட்டு வதக்கும் கொரியச் சோறு, மிச்சச் சோற்றை வீணாக்காத வீட்டுச் சமையல். அதில் டின் இறைச்சி நுழைந்தது 1950-53 கொரியப் போரை ஒட்டி, அமெரிக்க ராணுவ முகாம்கள் வழியாக. பஞ்சகாலத்துப் பண்டத்துக்கு நாம் இங்கே காசைக் கொட்டுவானேன்? கிம்ச்சியிலேயே பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன்சாறோ இருக்கும். பழவேற்காட்டு மீனவப் பெண்கள் உலர்த்தி விற்கும் இறாலும் கருவாடும் அந்த ருசியோடு இயல்பாக ஒட்டும். வீடே நாறும் என்பார்கள். கிம்ச்சி மட்டும் மல்லிகையாகவா மணக்கிறது? கருவாட்டில் உப்பு அதிகம் என்பது நியாயமான பேச்சு. ஆனால் டின் இறைச்சியிலும் உப்பு குறைவில்லை. கருவாட்டையாவது வெந்நீரில் ஊறவைத்து அலசி, உப்பைக் கொஞ்சம் இறக்கலாம். பிறகு மொறுமொறுப்பாக வறுத்து, முதல் நாள் சோற்றோடு கிளறினால் போதும். அடுத்த முறை டின்னுக்கு நீளும் கையைக் கருவாட்டுக் கூடைப் பக்கம் நீட்டுங்கள்.